புதிய சரக்கு விமானத் தடங்கள்: சின்னத் தொழிற்சாலைகளுக்கு உண்மையில் பயன் உண்டா?

உட்லண்ட்ஸ்_ஷிப்பிங் | செவ்வாய், இரவு 9:42

வணக்கம். உட்லண்ட்ஸில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஷிப்பிங் வேலை பார்க்கிறேன். மொத்தம் நாற்பது பேர்தான். பம்புகளுக்கான சீல், வால்வு, உதிரிப் பாகங்கள் செய்கிறோம். பால் பதப்படுத்தும் ஆலை, குளிர்பான ஆலை, சர்க்கரை ஆலை இவர்கள்தான் வாங்குகிறவர்கள்.

இத்தனை வருஷம் அமெரிக்காவும் ஜப்பானும்தான் பெரிய சந்தை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சிங்கப்பூர்ப் பொருள்களுக்கும் 10 விழுக்காடு வரி போட்டதும் முதலாளி புது இடம் தேட ஆரம்பித்தார். அலைந்து திரிந்து கென்யாவில் இரண்டு பால் ஆலைகளைப் பிடித்தோம், எத்தியோப்பியாவில் ஒன்று பேச்சில் இருக்கிறது.

இப்போது சரக்கை வளைகுடா வழியாகப் பயணிகள் விமானத்தின் பெல்லியில், அதாவது அடித்தளச் சரக்கறையில், அனுப்புகிறோம். நாலைந்து நாளில் நைரோபி போய்விடும். போன வாரம் ஒரு ஃபார்வர்டர், அதாவது சரக்கு அனுப்பித் தரும் முகவர், வந்தார். தென் சீனாவில் ஒரு நகரத்திலிருந்து நைரோபிக்கு வாரம் மூன்று ஃபிரைட்டர் (சரக்கு மட்டும் ஏற்றும் விமானம்) புதிதாகப் பறக்கிறதாம். சாங்கியிலிருந்து அங்கே கொண்டுபோய் மாற்றி ஏற்றிவிடுவார்களாம், கிலோவுக்கு 1 வெள்ளி 40 காசு குறைவாம். முதலாளிக்கு முகமே மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நவம்பரில் வேறொரு புதுத் தடத்தை நம்பி இரண்டு பேலட் (பலகைமேல் அடுக்கிக் கட்டிய சரக்கு) அனுப்பினோம், மூன்று முறை ஆஃப்லோட் ஆனது, அதாவது ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் ஆலையில் ஒரு லைன் ஆறு நாள் நின்றுபோய், அவர்களுடைய மேலாளர் போனில் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. கோபமாகக்கூடப் பேசவில்லை, பாலைக் கொட்டிவிட்டோம் என்று மட்டும் சொன்னார்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். புதிய தடம் என்று யாராவது வந்தால் எதைப் பார்த்து நம்புவது?

---

பொங்கோல்_வாசகன் | செவ்வாய், இரவு 10:05

1.40 குறைவு என்றால் சின்னத் தொகை இல்லையே. மாதம் எத்தனை கிலோ போகிறது? இன்னொன்று, வால்வு எல்லாம் இரும்புதானே, அதை ஏன் விமானத்தில் அனுப்ப வேண்டும், கப்பல் இல்லையா?

---

ஃபார்வர்டர்_தம்பி | செவ்வாய், இரவு 11:18

நானும் ஃபார்வர்டர்தான், எட்டு வருஷமாக. உங்களுக்குச் சொன்ன ரேட் பொய்யாக இருக்காது. ஏன் அவ்வளவு குறைவு என்று புரிந்துகொண்டால் அது எத்தனை நாள் நிற்கும் என்பதும் புரிந்துவிடும்.

சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு 800 டாலருக்கு உட்பட்ட பார்சல் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தெமு, ஷீஇன் மாதிரி நிறுவனங்கள் அந்தச் சலுகையை வைத்துத்தான் விமானம் விமானமாக நிரப்பின. 2025 மே 2ஆம் தேதி சீனா, ஹாங்காங் பார்சல்களுக்கு அது நின்றது, ஆகஸ்ட் 29இல் எல்லா நாடுகளுக்கும் நின்றது. பசிபிக் மேலே பறந்துகொண்டிருந்த விமானங்களைச் சும்மா நிறுத்தி வைக்க யாருக்கும் கட்டுப்படியாகாது, குத்தகைப் பணம் மாதாமாதம் கட்டியாக வேண்டும். அதனால் ஒரு பகுதி லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, ஐரோப்பா என்று திரும்பியது. இப்போது நாம் செய்தியில் பார்க்கிற புதிய தடங்களில் பல இப்படி வந்தவைதான். நைரோபியில் திடீரென்று சரக்கு பெருகிவிட்டதால் வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது மானியம். சீனாவில் பல மாகாண, நகர அரசுகள் தங்கள் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்குத் தடம் தொடங்குகிறவர்களுக்குப் பணம் கொடுத்து ஊக்கப்படுத்துகின்றன. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஊர் வளர வேண்டும் என்று செய்கிறார்கள். ஆனால் மானியக் காலம் முடிகிற மாதம் வாரம் மூன்று என்பது ஒன்றாகலாம், அல்லது விமானமே இன்னொரு நகரத்துக்கு மாறிப் போகலாம். உங்கள் ஃபார்வர்டரிடம் கேளுங்கள்: இந்தத் தடம் எத்தனை மாதமாக ஓடுகிறது, போன இரண்டு மாதத்தில் எத்தனை முறை ரத்தானது. நேர்மையான ஆளாக இருந்தால் சொல்லிவிடுவார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வரிசையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. ஃபிரைட்டரில் இடத்தை பிளாக் ஸ்பேஸ் என்று முன்கூட்டியே மொத்தமாக வாங்கிவைத்திருப்பார்கள். போனாலும் போகாவிட்டாலும் அதற்குப் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள். மீதி இடம்தான் நமக்கு. நவம்பரில் 11.11 விற்பனைப் பார்சல் குவிகிறபோது உங்கள் இரண்டு பேலட்டை இறக்கி வைப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். சாங்கியில் ஏற்றினாலும் சீனாவில் மாற்றி ஏற்றுகிற இடத்தில் உங்களுக்காகப் பேச ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

---

சாங்கி_ராம்ப் | புதன், காலை 6:50

தம்பி சொன்னது சரி. நான் இருபத்து மூன்று வருஷம் சாங்கியில் சரக்கு ஏற்றி இறக்கிய ஆள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

போகிற விமானம் திரும்பும்போது எதை ஏற்றி வருகிறது என்று கேளுங்கள். நான் பார்த்தவரை நிலைத்து நின்ற தடம் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் சரக்கு இருந்தது. நைரோபியிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் ரோஜாப்பூ, அப்புறம் பீன்ஸ் மாதிரி காய்கறிகள். அதில் பெரும்பகுதி ஆம்ஸ்டர்டாம் பக்கம் போகிறது. ஆகவே சீனாவிலிருந்து நைரோபி போகிற ஃபிரைட்டர் காலியாகச் சீனா திரும்புகிறதா, இல்லை பூவை ஏற்றிக்கொண்டு ஐரோப்பா போய், அங்கிருந்து வேறு சரக்கோடு சீனா வந்து முக்கோணமாகச் சுற்றுகிறதா என்று விசாரியுங்கள். முக்கோணமாகச் சுற்றினால் அந்தத் தடத்துக்கு ஆயுசு உண்டு. காலியாகத் திரும்பினால் போகிற சரக்கே இரண்டு வழிக்கும் எண்ணெய்க் காசு கொடுக்க வேண்டும், அது ரொம்ப நாள் தாங்காது.

ஊரின் உயரமும் ஒரு கணக்கு. நைரோபி கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டர் மேலே, அடிஸ் அபாபா 2,300 மீட்டர். காற்று மெல்லிசு, அதுவும் மத்தியான வெயிலில் இன்னும் மெல்லிசு. இறங்குவதில் பிரச்சினை இல்லை, கிளம்பும்போதுதான் எடையைக் குறைக்க வேண்டிவரும். போயிங் 777 ஃபிரைட்டர் நூறு டன் தூக்கும் என்பார்கள். அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பும்போது சரக்கையும் எண்ணெயையும் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். இந்த நட்டத்தை யாரோ ஒருவர் ரேட்டில் சுமக்கிறார். நமக்கு வருகிற ரேட்டில் இது தெரியாது, ஆனால் தடம் நிற்குமா நிற்காதா என்பதில் தெரியும்.

பிப்ரவரி 14க்கு முன்னால் பூ ஏற்ற விமானங்கள் நைரோபிக்கு ஓடும். அந்தச் சமயம் போகிற பக்கம் இடம் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் ஆர்டரை ஜனவரிக் கடைசிக்குத் தள்ள முடிந்தால் தள்ளிப் பாருங்கள்.

---

தேக்கா_பூக்கடை | புதன், காலை 11:30

பூ என்றதும் எழுதத் தோன்றியது. எங்களுடையது இறக்குமதி, அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மல்லிகை, கனகாம்பரம், வாழையிலை, முருங்கைக்காய் எல்லாம் பயணிகள் விமானத்தின் பெல்லியில்தான் வருகிறது. ராத்திரி கட்டின பூ காலையில் சிராங்கூன் ரோட்டில் இருக்க வேண்டும். தெர்மோகோல் பெட்டியைத் திறந்ததும் வருகிற குளிர்ந்த வாசனையிலேயே அது எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். மொட்டு லேசாகப் பழுப்பு கட்டியிருந்தால் எங்கோ ஷெட்டில் நாலு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சமயம் வாரம் இரண்டு நாள் மட்டும் இருக்கிற ஒரு தடத்தில் ரேட் ரொம்பக் குறைவு என்று மாறினோம். இரண்டு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் தைப்பூச வாரத்தில் ஒரு விமானம் ரத்து. தினசரி விமானம் என்றால் மறுநாள் வரும், சரி என்று விட்டுவிடலாம். வாரம் இரண்டு என்றால் அடுத்தது நாலாம் நாள், அதற்குள் பூசமே முடிந்துவிடும். கோயில்களுக்கு மாலை ஒப்புக்கொண்டிருந்தோம். கேமரன் மலையிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் கிடைத்ததை என்ன விலை சொன்னாலும் வாங்கிக் கட்டினோம். இரண்டு மாதம் மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போனது.

அன்றிலிருந்து நான் ரேட்டை இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதலில் கேட்பது, இது தவறினால் அடுத்தது எப்போது.

---

ஸ்ரீபெரும்புதூர்_டு_சிங்கை | புதன், மாலை 7:14

எனக்குக் கொஞ்சம் மாற்றுக்கருத்து உண்டு. ராம்ப் அண்ணன் திரும்பி வரும் சரக்குதான் எல்லாம் என்கிறார். நான் இங்கே வருவதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்த்தவன். தொழிற்சாலை பெரிதாக இருந்தால் விமானம் தானாக வரும், ஒரு பக்கம் காலியாக வந்தால்கூட வரும்.

2025 மார்ச்சிலிருந்து, அமெரிக்க வரியை முந்திக்கொள்ள, சென்னையிலிருந்து ஐஃபோன்களைத் தனி விமானங்களில் அமெரிக்காவுக்கு அனுப்பியது ராய்ட்டர்ஸ் செய்தியிலேயே வந்தது. சுமார் 600 டன், அதாவது 15 லட்சம் போன் வரை. அதற்காகச் சென்னை விமான நிலையத்தில் சுங்கச் சோதனை நேரத்தை 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைத்தார்கள். எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது விமானத்தைவிட இந்த 6 மணிதான். விமானம் யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். தரையில் 24 மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதற்கு ஒரு நிர்வாகமே ஒத்துழைக்க வேண்டும்.

சீனாவின் செங்சோ நகரத்தையும் பாருங்கள். 2014இல் கார்கோலக்ஸ் என்ற சரக்கு விமான நிறுவனம் லக்சம்பர்கிலிருந்து அங்கே பறக்க ஆரம்பித்தது, ஹெனான் மாகாண நிறுவனம் ஒன்று கார்கோலக்ஸின் 35 விழுக்காட்டுப் பங்கையே வாங்கியது. அந்த ஊரில் ஃபாக்ஸ்கானின் பெரிய ஐஃபோன் ஆலை இருக்கிறது. தொழிற்சாலையும் விமானமும் ஒரே இடத்தில் வேர்விட்டதால் அந்தத் தடம் இத்தனை வருஷம் நிற்கிறது.

---

சாங்கி_ராம்ப் | புதன், இரவு 8:02

தம்பி, 600 டன் அனுப்புகிறவர் விமானத்தையே அமர்த்திக்கொள்வார், அவருக்குத் தடம் எதற்கு? உட்லண்ட்ஸ்காரர் இரண்டு பேலட் அனுப்புகிறார். அடுத்தவர் வைத்த விமானத்தில் ஏறுகிறவர்தான் அந்த விமானம் எதனால் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். செங்சோவில்கூட லக்சம்பர்கிலிருந்து வரும்போது ஐரோப்பியச் சரக்கு இருந்தது, காலியாக வரவில்லை.

தரையில் ஆகும் நேரத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அது நூற்றுக்கு நூறு சரி.

---

நைரோபியில்_மூணு_வருஷம் | புதன், இரவு 10:37

தரையைப் பற்றி நான் சொல்கிறேன், மூன்று வருஷம் அங்கே ஒரு இயந்திர இறக்குமதிக் கம்பெனியில் இருந்தேன்.

கென்யாவுக்குப் போகிற பல பொருள்களுக்கு, ஏற்றுகிற நாட்டிலேயே தரச்சோதனை முடித்து சிஓசி என்கிற சான்று வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாமல் போய் இறங்கினால் அபராதம், இல்லையென்றால் காத்திருப்பு. அதுபோக இறக்குமதி செய்கிறவர் ஐடிஎஃப் என்கிற அறிவிப்புப் படிவத்தை முன்பே எடுத்திருக்க வேண்டும். எங்களிடம் ஒருமுறை சரக்கு மூன்று நாளில் வந்துவிட்டது, எல்லாருக்கும் சந்தோஷம். சிஓசியில் எழுதியிருந்த மாடல் எண்ணும் இன்வாய்ஸில் இருந்த எண்ணும் ஓர் எழுத்து வித்தியாசம். அதைச் சரிசெய்ய பன்னிரண்டு நாள். ஷெட் வாடகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. தப்பு எங்களுடையதுதான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

மரப் பேலட் என்றால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான சான்று) இருக்கிறதா பாருங்கள், அந்தக் கோதுமைக்கதிர் அடையாளம். அது இல்லாமல் நிறுத்தப்பட்ட பெட்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

பொங்கோல் நண்பர் கப்பலைப் பற்றிக் கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை. கப்பல் நிச்சயம் உண்டு. மொம்பாசா துறைமுகம், அங்கிருந்து 2017இல் திறந்த ரயில் பாதையில் கன்டெய்னர் நைரோபிக்கே வரும். நாங்கள் செய்தது, கனமான வால்வு உடம்பு, பம்பு உறை எல்லாம் கப்பலில் வரவழைத்துக் கையிருப்பாக வைப்பது, திடீரென்று தேய்ந்துபோகிற சீல், கேஸ்கெட் மட்டும் விமானத்தில். ஆலை நிற்பது பெரும்பாலும் உள்ளங்கை அளவு ஒரு ரப்பர் வளையத்துக்காகத்தான்.

---

உட்லண்ட்ஸ்_ஷிப்பிங் | வியாழன், மதியம் 1:12

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

ஃபார்வர்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். தடம் தொடங்கி பத்து வாரம் ஆகிறதாம். திரும்பும்போது எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். சிஓசி எங்களிடம் இருக்கிறது, ஆனால் மாடல் எண் ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை, இன்று பார்த்தேன், ஒரு வரியில் கோடு போட்டும் இன்னொன்றில் கோடு இல்லாமலும் இருக்கிறது. நல்லவேளை.

பெட்டி விவரம் கேட்பீர்கள் என்று அளந்துகொண்டு வந்தேன். நீளம் 120, அகலம் 100, உயரம் 150 சென்டிமீட்டர், மரப் பெட்டி. எடை 140 கிலோ. மாதம் இப்படி மூன்று அல்லது நாலு.

---

ஃபார்வர்டர்_தம்பி | வியாழன், மதியம் 1:40

140 கிலோ பெட்டிக்கு 300 கிலோவுக்கு அல்லவா பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்! மூன்று அளவையும் பெருக்கி 6000ஆல் வகுத்துப் பாருங்கள். எடை, கன அளவு இரண்டில் எது பெரிதோ அதுதான் சார்ஜபிள் வெயிட். ஏர்வேபில்லில், அதாவது விமானச் சரக்கு ரசீதில், அந்த எண் இருக்குமே.

---

சாங்கி_ராம்ப் | வியாழன், மாலை 6:20

150 உயரம் ஏன்? உள்ளே என்ன இருக்கிறது?

பெரிய பயணிகள் விமானத்தின் கீழ்த்தளத்தில் பேலட் உயரம் 160 சென்டிமீட்டர்தான். உங்கள் பெட்டி 150 என்றால் அதன்மேல் எதுவும் வைக்க முடியாது, பக்கத்திலும் பொருந்திவராது. பேலட் கட்டுகிற பையன்களுக்கு அது ஒரு தலைவலி, இடம் இறுக்கமாக இருக்கிற நாளில் முதலில் தள்ளி வைக்கிற பெட்டி இதுதான். நானே அப்படித் தள்ளி வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். 80க்குக் கீழே கொண்டுவாருங்கள், ஒன்றின்மேல் ஒன்று இரண்டு அடுக்கு வைக்கலாம். எங்கே இடம் கிடைத்தாலும் சொருகிவிடுவார்கள்.

---

உட்லண்ட்ஸ்_ஷிப்பிங் | வியாழன், இரவு 9:05

உள்ளே என்ன என்று இன்று மாலை பேக்கிங் பகுதியில் நின்று பார்த்தேன் அண்ணே. சீல்கள் தனித்தனி அட்டைப் பெட்டியில், நிற்க வைத்து, சுற்றிலும் மேலேயும் ஸ்பாஞ்சு. மேலே மட்டும் ஒரு முழங்கை ஆழத்துக்கு ஸ்பாஞ்சுதான். இந்த மரப் பெட்டி அளவு அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பிய காலத்தில் முடிவு செய்தது, அப்போது பெரிய சாமான்கள் போனது. யாரும் மாற்றவில்லை. பேக்கிங் பார்க்கும் பங்களாதேஷ்த் தம்பி, படுக்க வைத்தால் பாதி உயரம் போதும், நான் போன வருஷமே சொன்னேனே என்றார். அவர் சொன்னது என் காதுக்கு வரவில்லை, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

---

ஃபார்வர்டர்_தம்பி | வியாழன், இரவு 9:33

கணக்கைப் பாருங்கள் அக்கா. புதுத் தடத்தில் ஒரு பெட்டிக்கு மிச்சம், 300 கிலோவுக்கு 1.40 வீதம் 420 வெள்ளி. உயரத்தை 78 ஆக்கினால் சார்ஜபிள் வெயிட் 156 கிலோ, அதாவது 144 கிலோ குறைகிறது. இப்போது நீங்கள் கொடுக்கிற ரேட் கிலோவுக்கு 3 வெள்ளிக்கு மேல் எதுவாக இருந்தாலும் பெட்டியைச் சின்னதாக்குவதே பெரிய சேமிப்பு. தடம் மாறவே வேண்டாம்.

இன்சூரன்ஸ் இருக்கிறதா? இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சரக்கு தொலைந்தால் விமான நிறுவனம் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (ஐஎம்எஃப் வைத்திருக்கும் கணக்கு அலகு) வரைதான் தர வேண்டும், 2024 டிசம்பர் 28இலிருந்து இந்த அளவு, அதற்கு முன் 22. 26 எஸ்டிஆர் நம் காசுக்கு ஏறக்குறைய 45 வெள்ளி. 140 கிலோவுக்கு 6,300 வெள்ளி. உங்கள் பெட்டி மதிப்பு என்ன?

---

உட்லண்ட்ஸ்_ஷிப்பிங் | வியாழன், இரவு 9:41

38 ஆயிரம்.

இன்சூரன்ஸ் கப்பல் சரக்குக்கு மட்டும்தான் எடுக்கிறோம். நாளைக்கே பேசுகிறேன்.

---

ஸ்கூடாய்_பொறியாளர் | வெள்ளி, காலை 8:15

எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆலைச் சரக்கும் சாங்கி வழியாகத்தான் போகிறது, கே2 என்கிற மலேசிய ஏற்றுமதிச் சுங்கப் படிவம் போட்டு ராத்திரி லாரியில் துவாஸ் இரண்டாம் பாலம். பினாங்கிலிருந்துகூட எலக்ட்ரானிக்ஸ் சாமான் லாரியிலேயே சாங்கிக்கு வருகிறது, காரணம் அங்கிருந்து போகிற ஊர்கள் அதிகம், ஒன்று தவறினால் இன்னொன்று. 2024இல் சாங்கி 19.9 லட்சம் டன் சரக்கைக் கையாண்டிருக்கிறது, கோவிட் வந்த 2020இல் அது 15.4 லட்சம். பயணிகள் விமானம் திரும்பி வந்ததும் பெல்லியும் திரும்பி வந்தது.

திரும்பும் சரக்கைப் பற்றி ராம்ப் அண்ணன் சொன்னதை எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். 2024இல் மலேசியாவிலிருந்து உறையவைக்காத புதுப் பழமாகவே டுரியான் சீனாவுக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. அதற்கு முன் உறையவைத்ததுதான் போகும். மரத்திலிருந்து விழுந்த பழம் இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டாக வேண்டும், அதனால் விமானம்தான். சீனாவிலிருந்து பார்சலோடு வருகிற விமானத்துக்கு அது திரும்பும் சரக்கு.

உட்லண்ட்ஸ் அக்கா, உங்கள் பக்கத்திலேயே கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிற வேறு சின்ன ஆலைகள் இருக்கும். நாலு பேர் ஒரே ஃபார்வர்டரிடம் ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்தால் ஒரு முழு பேலட் ஆகும். தனித்தனியாகக் கெஞ்சுவதைவிட ஒன்றாகப் போய் நிரந்தர இடம் கேட்கலாம். நாங்கள் மூன்று ஆலைகள் சேர்ந்து அப்படித்தான் செய்கிறோம், வியாழக்கிழமை தோறும். ஆளுக்கு ஆள் தாமதம் செய்யாமல் கட்-ஆஃபுக்கு, அதாவது சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரத்துக்கு, வருவதுதான் கஷ்டம், முதல் இரண்டு மாதம் சண்டைதான். இப்போது சரியாகப் போகிறது.

---

பொங்கோல்_வாசகன் | வெள்ளி, மாலை 5:50

ஒரு சின்ன விஷயம். பணம் கட்டுவதற்கு முன் மாஸ்டர் ஏர்வேபில் எண்ணைக் கேட்டு வாங்கலாமா? முதல் மூன்று இலக்கம் எந்த விமான நிறுவனம் என்று காட்டும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618 என்று எங்கோ படித்தேன்.

---

ஃபார்வர்டர்_தம்பி | வெள்ளி, மாலை 6:10

ஆமாம், 618தான். கேட்டு வாங்குங்கள். ஃபார்வர்டர் தருகிற ஹவுஸ் எண் அவருடைய கணக்கு, மாஸ்டர் எண்தான் விமான நிறுவனத்தின் கணக்கு. அதைப் போட்டு அவர்கள் தளத்தில் பார்த்தால் ஏறியதா, இறக்கிவைத்தார்களா என்று நமக்கே தெரியும், யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

---

உட்லண்ட்ஸ்_ஷிப்பிங் | ஐந்து வாரம் கழித்து, சனி, காலை 10:24

என்ன ஆனது என்று சொல்ல வந்தேன்.

முதலாளியிடம் ஃபார்வர்டர் தம்பி போட்ட கணக்கை அப்படியே தாளில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பேக்கிங் பகுதிக்கு இறங்கிப் போனார். அந்தத் தம்பியையே புதுப் பெட்டிக்கு அளவு போடச் சொன்னோம், 78 உயரம், நாலு மூலையிலும் உள்ளே சின்னக் கட்டை வைத்து மேலே இன்னொரு பெட்டி உட்கார்ந்தாலும் நசுங்காதபடி செய்திருக்கிறார். வளைகுடாத் தடத்தையே வைத்துக்கொண்டோம். மூன்று முறை அனுப்பியாயிற்று, ஒருமுறைகூட ஆஃப்லோட் இல்லை. இன்சூரன்ஸும் எடுத்துவிட்டோம். சிஓசியைத் திருத்தி வாங்க ஒன்பது நாள் ஆனது, இங்கேயே ஆனதால் வலிக்கவில்லை.

அந்தப் புதிய தடம் இன்னும் ஓடுகிறது, ஆனால் வாரம் மூன்று இப்போது இரண்டாகியிருக்கிறது. ஃபார்வர்டர் விசாரித்துச் சொன்னார், நைரோபியிலிருந்து ஐரோப்பாவுக்குப் பூ ஏற்றுகிறதாம். ராம்ப் அண்ணன் சொன்ன முக்கோணம். அதனால் முழுசாக ஒதுக்கவில்லை, அவசரம் இல்லாத கையிருப்புச் சாமான்களை ஒருமுறை அதில் அனுப்பிப் பார்க்கலாம் என்று முதலாளி சொல்கிறார், எனக்கும் அது சரியென்றே படுகிறது. வால்வு உடம்புகளை மொம்பாசா வழியாகக் கப்பலில் முதல் தடவையாக அடுத்த வாரம் ஏற்றுகிறோம்.

அந்தப் பால் ஆலை மேலாளர் நேற்று ஒரு படம் அனுப்பினார். அவர்களுடைய ஸ்டோர் ரூமில் எங்கள் பெட்டி இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. அதைப் பேக்கிங் தம்பியிடம் காட்டினேன், போனை வாங்கி ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது எத்தியோப்பியா. அடிஸ் அபாபாவில் சுங்கம் முடிக்கிற வழி தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?